இரண்டாம் காத்தமுத்து

மாதக் கடைசி வியாழன். சோஹார்.
கண்ணாடிக்கு வெளியே ஈரம் வழிகிறது,
உள்ளே ஏசி பதினெட்டில் முனகுகிறது.
என்னிடம் இரண்டு பட்டியல்கள்:
கம்பெனி கொடுக்கச் சொன்ன சம்பளம்,
வங்கி கொடுத்ததாகச் சொல்லும் சம்பளம்.
இரண்டிலும் இருநூற்றுப் பதின்மூன்று பெயர்கள்.
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொகை,
புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம்,
ஆயிரம் பைசா சேர்ந்தால்தான் இங்கே ஒரு ரியால்.

இரண்டும் ஒன்றா என்று ஆர் மொழியிடம் கேட்டேன்.
ஐடென்டிக்கல் என்கிற கட்டளைக்கு
மன்னிக்கத் தெரியாது.
பொய், என்றது.
(அதன் ஆங்கிலப் பதிலை நான்
மனதுக்குள் தமிழில்தான் வாசிப்பேன்.)
ஒரே சொல். காரணம் கிடையாது.

காரணத்தை நானே தேடினேன்.
கம்பெனி அகர வரிசையில் அடுக்கியிருக்கிறது,
வங்கி பணம் போன வரிசையில்.
அதே ஆட்கள், வேறு க்யூ.
க்யூ மாறினால் ஆளே மாறிவிடுவார்களா?
மாறிவிடுவார்களாம், அதற்கு.

சரி, க்யூ வேண்டாம்,
பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று ஒரு லூப் எழுதினேன்.
இந்தப் பக்கம் ஒருவரை அழை,
அந்தப் பக்கம் அதே பெயரை அழை,
கையில் இருப்பதைக் காட்டச் சொல்.
நூற்று நாற்பத்திரண்டு. நூற்று நாற்பத்திரண்டு.
பொய்.
ஒன்று முழு எண்ணாம், மற்றது தசம எண்ணாம்;
புள்ளிக்குப் பின்னால் எதுவுமே இல்லை,
ஆனால் இருந்திருக்கலாமாம்.
ஓவர்டைம் கூட்டிய இன்னொரு தொகையில்
பதினான்காம் இலக்கத்தில் ஒரு தூசு.
அதற்கும் பொய்.

கொஞ்சம் இரக்கமுள்ள கட்டளை ஒன்று உண்டு.
ஆல் ஈக்குவல். ஒரு பைசாவில் ஆயிரத்திலொரு பங்கு
முன்னே பின்னே இருந்தால் போகட்டும் என்று விடும்.
அதைப் போட்டேன்.
மெய் மெய் மெய் என்று திரை முழுக்க இறங்கியது,
இருநூற்றுப் பதின்மூன்று மெய்.
எல்லாம் சரி என்று கல்ஃபானுக்கு மெயில்.
"நன்றி, மிஸ்டர் குணசீலன்" என்று பதில்.
குணசீலன் என் அப்பா. நான் செண்பகவடிவு.
பாஸ்போர்ட்டில் பின்னால் நிற்பவர்
இங்கே முன்னால் வந்துவிடுகிறார்.
மூன்று வருடமாய் நான் திருத்தவில்லை.

ஞாயிறு காலை கதவருகே ஒருவர்,
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
சாரம் கட்டுகிறவர். ஃபலஜ் அல் கபாயில் கேம்ப்.
"எனக்கு இன்னும் விழல மேடம்."
பெயர்?
காத்தமுத்து இருளப்பன்.
விழுந்திருக்கிறதே என்று திரையைத் திருப்பினேன்.
குனிந்து பார்த்தார்.
"அது அறந்தாங்கி காத்தமுத்து. வெல்டர்.
நான் கமுதி."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
முதலில் நிற்பவர் மட்டும்தான் கை தூக்குவார்.
மறுபடி கூப்பிட்டாலும் அவரே.
என் லூப் அறந்தாங்கிக்காரரை இரண்டு தடவை அழைத்து
இரண்டு தடவையும் மெய் சொல்லியிருக்கிறது.
கமுதிக்காரரின் மெய்
அந்நேரம் உருக்காலைப் புகைபோக்கியோரம்
பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.
வங்கிப் பட்டியலில்
அவருக்கு நேரே சுழியம்.

எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டு
ரெசிடென்ட் கார்டு எண்களை அங்கே ஒட்டினேன்.
ஓட்டினேன்.
மெய்களுக்கு நடுவே, நூற்றுப் பதினேழாவதாக,
ஒரே ஒரு பொய்.
அவரைக் கண்டுபிடித்தாயிற்று.

"செவ்வாய்க்குள்ள வந்துரும்" என்றேன்.
தலையாட்டினார். நகரவில்லை.
"வந்ததும் மொதல்ல அவனுக்குத்தான் மேடம் போகும்.
வீட்டுக்கு அனுப்ப அவன்கிட்டதான்
முப்பது ரியால் கைமாத்து வாங்கினேன்."
எவனுக்கு என்று நான் கேட்கவில்லை.

கல்ஃபானுக்கு இரண்டாவது மெயில்:
முந்தையது தவறு, ஒருவருக்குப் பணம் போகவில்லை.
அடியில் செண்பகவடிவு என்று மட்டும் போட்டேன்.
நாலு நிமிடத்தில் பதில் வந்தது:
உடனே கவனிக்கிறேன்.
நன்றி, மிஸ்டர் குணசீலன்.